ஸ்ட்ராபெரிச் செடிக்கு நான் ஊற்றிய உரத் தண்ணீர்

மகனே,

சலாம். நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. முந்தாநாள்தான் உன்னை போனில் பார்த்தேன். காதுவரை இழுத்துவிட்ட குல்லாவோடு நன்றாகத்தான் இருக்கிறாய். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் குடும்ப குரூப்பில் போடுகிறேன். உனக்குக் கோபம் வரும். உன் சித்தப்பா, மாமன்மார், வில்லியனூரில் இருக்கும் ஷமீமாவின் அண்ணன்கள் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் அங்கே போடுகிறேன். சென்ற ஏப்ரலில் உன் வீட்டு ஸ்ட்ராபெரிச் செடிகள் செத்துப்போன கதையை இதே குரூப்பில் சிரிக்கச் சிரிக்க எழுதியவன் நான். "எங்க மருமக வைக்கோல வெச்சிக்கிட்டு நாள் பாத்தா, பனி நாள் பாக்கல" என்று எழுதினேன். ஆளாளுக்குச் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். ஷமீமாவும் அந்த குரூப்பில் இருக்கிறாள். அவள் படித்தாள் என்பதற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. நான் எழுதியது பொய். அதைச் சொன்ன இடத்திலேயே நிஜத்தையும் சொல்வதுதான் முறை.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நடுவில் தப்பிக்க ஒரு சந்து தேடுவேன், என்னை எனக்குத் தெரியும். அந்த இருபத்துநான்கு செடிகளைக் கொன்றது உன் பெண்டாட்டி அல்ல. நான். நீ இந்தச் சனிக்கிழமை செய்யப் போகிற காரியத்துக்கு முன்னால் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பாகூரில் நான் உரக்கடை போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன்பு இன்னொருவர் கடையில் மூட்டை இறக்கினேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இலைதான். விவசாயிகள் கடைக்கு வரும்போது வயலிலிருந்து ஓர் இலையைப் பறித்துத் துண்டு முனையில் முடிந்துகொண்டு வருவார்கள். கல்லாவுக்கு முன்னால் முடிச்சை அவிழ்த்து, "இன்னா பாய், இப்டி வெளுத்துப் போவுது?" என்று நீட்டுவார்கள். நான் வெளிச்சத்தில் பிடித்து ஒரு திருப்பு திருப்பிப் பார்த்து, "பசி. தழைச்சத்து கேக்குது. யூரியா ஒரு மேலுரம் போடு, ஒரு வாரத்துல பச்ச கட்டும்" என்பேன். பெரும்பாலும் பச்சை கட்டும். "பாய் கண்ணு டாக்டர் கண்ணு" என்று சொல்லிச் சொல்லியே என்னைப் பெரிய ஆளாக்கிவிட்டார்கள். நம் பக்கத்தில் செடிக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. சம்பா அறுத்தால் நவரை, நவரை அறுத்தால் சொர்ணவாரி. ஒருவர் நிலம் ஒரு மாதம் சும்மா கிடந்தால் அவருக்கு உடம்பு சரியில்லையா என்று ஊர் விசாரிக்கும். இந்தக் கண்ணோடுதான் போன வருஷம் செப்டம்பரில் கனடாவுக்கு விமானம் ஏறினேன். அம்மாவுக்கு முட்டிவலி, அவள் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

உன் வீட்டுப் பின்புறம் பலகை அடித்த இரண்டு பாத்தி. ஒன்றில் பன்னிரண்டு, இன்னொன்றில் பன்னிரண்டு. மே மாதம் நட்டாளாம். கோடையில் வந்த பூவையெல்லாம் கிள்ளி எறிந்தாளாம். முதல் வருஷம் பூவை விட்டால் செடி காயிலேயே களைத்துப்போகும், கிள்ளினால் வேர் பிடிக்கும், அடுத்த வருஷம் காய்த்துத் தள்ளும் என்று சொன்னாள். "வந்த பூவக் கிள்ளிப் போடறவ கடை வெச்சா வெளங்குமாம்மா?" என்று கேலி செய்தேன். அவளும் விடவில்லை. "அடுத்த ஜூன்ல வாங்க மாமா. ஒரு கூடப் பழம் முன்னால வெக்கறேன், அப்ப பேசுங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வில்லியனூர் கிளினிக்கில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவளை, கனடா போன பிறகு, அவளுடைய சான்றிதழ் செல்லாது என்று சொல்லி அந்த ஊர் மொழியான பிரெஞ்சு வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டிலும் வெளியிலும் அவள் சொல்லுக்கு எடை இருந்த ஒரே இடம் அந்த இரண்டு பாத்திதான்.

லேப் பழக்கம் அவளை விடவில்லை. சமையலறை ஜன்னலோரம் ஒரு நோட்டு. காலையில் எழுந்ததும் வெளியே மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்து அன்றைய குளிரை எழுதுவாள். பக்கத்திலேயே செடியைப் பற்றி ஒரு வரி. செப்டம்பர் கடைசியில் படரும் கொடிகளை நறுக்கினாள், களை எடுத்தாள், காய்ந்த இலையைப் பொறுக்கினாள். மழை இல்லாத வாரத்தில் தண்ணீர் விட்டாள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. பத்துப் பதினைந்து நாளில் இலைகள் ஓரம் சிவந்து, நிமிர்ந்து நின்றவை மண்ணை நோக்கிப் படுக்க ஆரம்பித்தன. எனக்குக் கை பரபரத்தது. ஓர் இலையைப் பறித்து, இரவுச் சாப்பாட்டு மேசையில் உங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். வாடிக்கையாளர் இல்லாத ஊரில் எனக்கு நானே வாடிக்கையாளர்.

"இது பசி. பாத்தாலே தெரியுது. ஒரு கை உரம் போட்டா நிமிந்துடும்" என்றேன்.

"இல்ல மாமா" என்றாள் ஷமீமா. "அது தூங்கப் போவுது. இப்பப் போய் உரம் போட்டா தூக்கம் கலைஞ்சி புதுசாத் துளிர் விட்டுடும். அந்தத் துளிர் குளிருக்கு நிக்காது, குருத்தோட போயிடும்."

நீ சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தாய். "யாருகிட்ட உரத்தப் பத்திப் பேசறன்னு தெரிஞ்சிதான் பேசறியா? அவரு போட்ட உரத்துலதான் நான் படிச்சேன்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். நீ என்னை உயர்த்திப் பேசியதாகத்தான் நினைத்தாய். எனக்கும் இனித்தது. அந்த இனிப்பில்தான் நான் கெட்டேன் என்று உன்மேல் பழியைத் தள்ள மாட்டேன், கெட்டது நானாகத்தான். ஆனால் அன்று உன் வீட்டு மேசையில் விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் சொன்னதை நாம் இரண்டு ஆம்பளைகள் சேர்ந்து ஒரு சிரிப்பில் ஊதிவிட்டோம்.

உன் கராஜில், புல்தரைக்குப் போடுகிற உரம் அரை மூட்டை கிடந்தது. எழுத்தெல்லாம் பிரெஞ்சு. எனக்கென்ன? உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் உர மூட்டைமேல் மூன்று எண் இருக்கும், முதல் எண் தழைச்சத்து. அதில் முதல் எண் பெரிய எண். நீ வேலைக்கும் அவள் வகுப்புக்கும் போன பிறகு, இரண்டு கை அள்ளிப் பூவாளித் தண்ணீரில் கரைத்து இரண்டு பாத்திக்கும் ஊற்றினேன். ஐந்து நாள் விட்டு இன்னொரு தடவை. அப்புறம் ஒரு தடவை. மொத்தம் மூன்று. ஒவ்வொரு தடவையும் பூவாளியைக் கழுவி, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். தெரியாமல் செய்தவன் பூவாளியைக் கழுவ மாட்டான். ஜூன் மாதம் பழம் கொட்டும்போது, "இது யாரோட கைவேலன்னு நெனைக்கறீங்க" என்று சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

செடி நிமிர்ந்தது. சிவப்பு போய்ப் பச்சை வந்தது. நடுவில் இளம் இலைகள் குட்டிக் குடைபோல விரிந்தன. பாகூரில் எந்த விவசாயி பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். ஷமீமா மட்டும் பாத்தி முன்னால் உட்கார்ந்து விரலால் இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "இன்னா மாமா இது, அக்டோபர் முடியப் போவுது, இப்பப் போய்த் துளிர் விடுது?" என்றாள். அது அவளுக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டிய நேரம். வாய்வரை வந்தது. "மண்ணு நல்ல மண்ணும்மா. உன் கை ராசி" என்றேன். ஒரு பெண்ணைப் பாராட்டுகிற மாதிரி ஏமாற்றினேன். உள்ளே போய் நோட்டில் எழுதினாள். பிறகு நான் எடுத்துப் பார்த்தேன். "இலை இன்னும் பச்சை. காரணம் தெரியவில்லை. இப்போது மூடக் கூடாது" என்று இருந்தது. அந்த ஊரில் உறைபனி இறங்குவதற்கு முன்னால் செடியை வைக்கோலால் போர்த்தி மூடுவார்கள்.

நவம்பரில் ஒரு பண்ணை வண்டியில் கோதுமை வைக்கோல் ஆறு கட்டு வந்து இறங்கியது. அந்த வீட்டில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அந்த வைக்கோலைக் கசக்கி முகர்ந்து, உள்ளே தங்கியிருந்த கோதுமை மணியை உதறி எடுத்ததுதான். விட்டிருந்தால் வசந்தத்தில் பாத்தி முழுக்க முளைத்திருக்கும். நீ அந்த ஞாயிற்றுக்கிழமையே மூடிவிடலாம் என்றாய். அவள் வேண்டாம் என்றாள். இரண்டு மூன்று தடவை லேசான பனி பட்டு, இலை சிவந்து மண்ணோடு படுத்த பிறகுதான் மூட வேண்டும், நிமிர்ந்து பச்சையாக நிற்கிற செடியை மூடினால் உள்ளே வெக்கை கட்டி அழுகிவிடும் என்றாள். அவள் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. அவளுடைய செடி அந்த ஊர் முறைப்படி இருந்திருந்தால் அதற்குள் சிவந்து படுத்திருக்கும், அவளும் அன்றே மூடியிருப்பாள். அவள் காத்திருந்தது அந்தப் பச்சை அடங்கட்டும் என்று. அந்தப் பச்சை நான் ஊற்றியது.

வியாழக்கிழமை காலை நடந்தது உனக்கும் ஞாபகம் இருக்கும், ஆனால் நீ பார்த்தது பாதிதான். லேசாகத்தான் குளிரும் என்று செய்தியில் சொன்னார்கள். விடிந்து பார்த்தால் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்றில் நிற்கிறது. செடிகள் வெந்த கீரைபோலக் கறுத்துக் கிடந்தன. நீ வேலைக்குப் போகிற கோட்டோடு கொல்லையில் நின்று கத்தினாய்.

"வைக்கோலு நாலு நாளா கராஜ்ல குந்திகினு இருக்குது. தலைய தலைய அடிச்சிக்கினேன். உன்கிட்ட ஒண்ணு வுட்டா ஒழுங்கா வருமா?"

"நேத்து வரைக்கும் பச்சையா நிமிந்து இருந்துச்சுங்க" என்றாள் அவள்.

"பச்சையா இருந்துச்சாம். நோட்டுல எழுதி வெச்சியா? எழுதி மாட்டி வை." என் பக்கம் திரும்பினாய். "நீங்களே சொல்லுங்க அத்தா."

அவள் என்னைப் பார்த்தாள். மாமா நமக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று எதிர்பார்த்த பார்வை அது. நான் சொன்னேன்: "நானும் அன்னிக்கே சொல்லலாம்னுதான் இருந்தேன்பா. சின்னப் பொண்ணு, மனசு சங்கடப்படுமேன்னு கம்முனு இருந்துட்டேன்."

மகனே, மூட்டை இறக்கின காலத்திலிருந்து இன்றுவரை பல பொய் சொல்லியிருக்கிறேன், எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை. இந்த ஒன்றை மட்டும் என் தொழுகைப் பாயில்கூட மடித்து ஒளிக்க முடியவில்லை. சும்மா இருந்திருந்தால் அது கோழைத்தனம். நான் சும்மா இருக்கவில்லை. செய்ததை மறைத்ததோடு, அவளுக்காகப் பரிதாபப்படுகிற பெரிய மனுஷன் வேஷமும் போட்டேன். நீ வேலைக்குப் போய்விட்டாய். அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு வந்து கட்டைப் பிரித்தாள். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல் பரப்பினோம். "இலை போனாப் போவுது மாமா. அடியில குருத்துப் பொழச்சிருந்தாப் போதும்" என்றாள். "பொழைக்கும்மா" என்றேன். பிழைக்காது என்பது எனக்குத் தெரியும். தழைச்சத்தில் ஊதின குருத்து எவ்வளவு மென்மை என்று உரக்கடைக்காரனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

ஏப்ரலில் நான் ஊருக்கு வந்துவிட்டேன். நீ வைக்கோலை விலக்கிவிட்டு வீடியோவில் கூப்பிட்டாய். ஒரு செடியைப் பிடுங்கி, கத்தியால் குருத்தை இரண்டாகப் பிளந்து காட்டினாய். வெள்ளையாக இருக்க வேண்டிய உள்பக்கம் காப்பித்தூள் நிறம். "பாத்துக்கோங்க அத்தா, எங்க வூட்டு விவசாயத்த" என்று போனைத் திருப்பி அவள் முகத்தைக் காட்டினாய். அன்று சாயங்காலம்தான் குரூப்பில் அந்தக் கேலியை எழுதினேன். ஏன் எழுதினேன் என்று பல நாள் யோசித்துவிட்டேன். பயம்தான். இத்தனை செடி எப்படி ஒன்றுகூட மிஞ்சாமல் போயிற்று என்று யாராவது நிதானமாகக் கேட்டுவிட்டால் என்ன செய்வது? எல்லோரும் ஒருமுறை ஒரு பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டால் அப்புறம் யாரும் இன்னொரு பக்கம் திரும்ப மாட்டார்கள். இது கடையில் கற்ற புத்தி. சோரியாங்குப்பத்திலிருந்து ஒருவர் வருவார். ஒருமுறை கதிர் வரும் நேரத்தில் அவருக்கு யூரியா போடச் சொல்லி, பயிர் கொழுத்துப் புகையான் பூச்சி விழுந்து, வயலே வட்ட வட்டமாகக் கருகிவிட்டது. வந்து நின்றார். "நான் ஒரு மூட்ட சொன்னேன், நீ ரெண்டு மூட்ட போட்டிருப்ப" என்றேன், பத்துப் பேர் இருக்கும்போது. "இல்ல பாய், நீ சொன்ன மாதிரிதான..." என்று ஆரம்பித்தவர் தலையைச் சொறிந்துகொண்டு, தான்தான் தப்புப் பண்ணிவிட்டோமோ என்ற சந்தேகத்தோடு போனார். ஒருவரைத் தன்மேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டால் போதும், அப்புறம் அவர் சண்டைக்கு வரமாட்டார். அதை நான் அவரோடு நிறுத்தவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். நீ கனடாவுக்கு மனுப் போட்டபோது உன் பட்டச் சான்றிதழைக் காணோம் என்று வீடே தலைகீழானது ஞாபகம் இருக்கும். நகல் எடுக்கக் கடைக்குக் கொண்டுபோய், லைசென்ஸ் காகிதங்களோடு இரும்பு டிராயரில் போட்டு மறந்தவன் நான். இரண்டாம் நாளே கண்ணில் பட்டுவிட்டது. அதற்குள், "உன்கிட்ட ஒண்ணு வுட்டா ஒழுங்கா வருமா?" என்று உன் அம்மாவை நீயும் கேட்கிற அளவுக்கு நான் பேசி முடித்திருந்தேன். கடையில் இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. பீரோவில் அவளுடைய புடவைகளுக்கு அடியில் கொண்டுவந்து வைத்தேன். நாலாம் நாள் அவளே கண்டெடுத்து, உன்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நீ மன்னித்தாய். அந்த நாலு நாள் நீ அவள் கையால் டீகூட வாங்கிக் குடிக்கவில்லை. போன நவம்பரில் உன் கொல்லையில் நின்றபோது நீ ஷமீமாவிடம் கேட்டது சொல் பிசகாமல் அதே கேள்வி. அதை நீ எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும். வீடு, படிப்பு, விமான டிக்கெட் எல்லாம் கொடுத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இதையும் நான்தான் கொடுத்திருக்கிறேன்.

இத்தனை நாள் விட்டு இப்போது எதற்கு என்று கேட்பாய். முந்தாநாள் நீ பேசினதுதான். அவள் மறுபடியும் மே மாதம் இருபத்துநான்கு செடி நட்டு, மறுபடியும் ஒரு கோடை முழுக்கப் பூக்கிள்ளி வளர்த்திருக்கிறாள். நீ சொன்னாய்: "இந்த வருஷம் அவ கை வெக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன் அத்தா. சனிக்கிழம வைக்கோலு வருது. எறக்கின கையோட நானே மூடிடப் போறேன்." உனக்குப் பின்னால் அவள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. "ஷமீமா, நோட்டு எழுதறியாம்மா?" என்று கேட்டேன். "இல்ல மாமா. எதுக்கு?" என்றாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

நேற்று, நீ ஷிப்ட்டில் இருக்கிற நேரம் பார்த்து அவளைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், அல்லது "பரவால்ல மாமா" என்பாள், இரண்டில் ஒன்று நடக்கும், என் பாரம் இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவள் இரண்டையும் செய்யவில்லை.

"எத்தன தடவ ஊத்துனீங்க மாமா?" என்றாள்.

"மூணு தடவம்மா."

"எந்தெந்த தேதி?"

தெரிந்தவரைக்கும் சொன்னேன். காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பழைய நோட்டை எடுத்து வைத்துப் பார்க்கிறாள் என்று புரிந்தது. "சரியா இருக்குது" என்றாள். "மொத தடவ ஊத்தி ஒம்பதாம் நாளு துளிர் வந்திருக்குது. நான் படிச்சதுதான் தப்போ, எனக்குத்தான் பாக்கத் தெரியலையோன்னு ஒரு வருஷமா நெனச்சிகினு இருந்தேன் மாமா." போனை வைத்துவிட்டாள். நான் மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ராத்திரி இஷா தொழுகைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ஒரு செய்தி மட்டும் வந்திருந்தது. "மாமா, அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா தப்பிக்கப் பாக்கறேன்னு சொல்லுவாரு."

இந்த வரியை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். செடிக் கதையையும் சொன்னேன், சான்றிதழ் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. "சர்ட்டிபிகேட்டு வெசயம் எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "பீரோவ நான் மொத நாளே மூணு தடவ கொட்டிப் பாத்தாச்சு. நாலாம் நாளு அதுக்குள்ள றெக்க மொளச்சா வந்திச்சு?"

"தெரிஞ்சா ஏன்டி கேக்கல?"

"கடக்காரரு பேரு கெட வேணாம்னு வாய மூடிக்கினேன். நான் மூடினதுதான் தப்பாப் போச்சு. அந்தப் பொண்ணும் மூடிக்கினு கெடக்கணுமா? எழுதுங்க. நீட்டி முழக்காம எழுதுங்க."

நீட்டித்தான் விட்டேன். சுருக்கமாக எழுத வந்தால் எனக்குச் சாதகமாகவே சுருங்குகிறது.

நீ என்மேல் கோபப்படு, அது எனக்குச் சேர வேண்டியது. ஒரு மாதம் பேசாமல் இரு, தாங்கிக்கொள்வேன். ஆனால் கோபத்தில் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பக்கம் நிற்கிறவளை மறந்துவிடாதே. என் உரம் போனது மூன்று தடவை. உன் பேச்சு ஒரு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறது. உன் பங்குக்கான மன்னிப்பை நீதான் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கு என்னால் கடிதம் எழுத முடியாது. அவள் உடனே சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்க்காதே. என்னிடம் சிரிக்கவில்லை. சிரிக்காதது சரிதான் என்று எனக்கே படுகிறது.

குரூப்பில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அன்று சிரித்தவர்கள் இன்று ஷமீமாவுக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று வரிசையாக போன் போட்டு அவளைப் படுத்த வேண்டாம். கேட்க வேண்டியது இருந்தால் என்னைக் கேளுங்கள், கடையில்தான் இருப்பேன். வில்லியனூரிலிருந்து ஷமீமாவின் அண்ணன்கள் நேரில் வந்து கேட்டாலும் சரி.

சனிக்கிழமை வைக்கோல் வந்தால் இறக்கிக் கராஜில் அடுக்கு. ஈரம் படாமல் பலகைமேல் அடுக்கு. கட்டைப் பிரிக்காதே. அந்த ஊர்க் குளிர் இன்னும் முழுசாக இறங்கவில்லை, இப்போது மூடினால் செடி உள்ளேயே அவியும், போன வருஷத்துக்கு நேர் எதிரான தப்பு, செத்துப்போவது மட்டும் அதேதான். பிறகு உள்ளே போய், எப்போது பிரிக்கலாம் என்று அவளைக் கேள். பத்து நாள் கழித்து என்றால் பத்து நாள், இருபது என்றால் இருபது. அவள் சொல்கிற நாள் வரும்வரை உன் கண்ணுக்கு அந்த இலை எப்படித் தெரிந்தாலும், ஏன் என்று மட்டும் கேட்காதே.

அத்தா